யாரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது இந்த வண்டி?

மேலைநாடுகளில் குடும்பம் என்று ஒன்று இல்லை என்று எழுதுவதும் பேசுவதும் நம்மிடையே நெடுங்கால வழக்கம். மணவிழா வாழ்த்துரையில்கூட இந்தக் குற்றச்சாட்டு தவறாமல் தலைகாட்டும். நானும் அப்படிப் பேசியவன்தான். 2014 பிப்ரவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு வீட்டில் இரண்டு நாள் விருந்தினனாக இருந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஆனால் அந்த வீட்டாரோடு வேறொரு வழக்கு எனக்கு உண்டாயிற்று. அது இன்றும் தீரவில்லை.

என் மகள் மொன்றியலில் குடியிருக்கிறாள். மருமகனோடு வேலை பார்க்கும் ஒருவர், குளிர்காலத்தில் தம் ஊரைப் பார்க்காமல் நான் நாடு திரும்பக் கூடாது என்று சொல்லி, வெள்ளி மாலை எங்களை அழைத்துப் போனார். ஊர் ஷெர்புரூக் நகருக்கு அருகில். வீட்டில் அவர், செவிலியரான அவர் மனைவி, பதின்மூன்று வயது மகன், பத்து வயது மகள், எண்பத்திரண்டு வயதான அவருடைய தந்தை. சனிக்கிழமை முழுவதும் வீட்டுச் சுவர் ஒன்றைப் பழுதுபார்த்தார்கள். ஞாயிறு முழுவதும் ஸ்நோமொபைல் என்னும் பனியூர்தியில் காடு சுற்றினார்கள். விடைகொடுக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழமை உங்களுக்குச் சலிப்பாக இருந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்ப வாழ்க்கையை நீங்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைதான்" என்றார். விருந்துண்ட வீட்டில் மறுத்துப் பேசலாகாது என்று தலையசைத்துவிட்டு வந்தேன். உண்மை நேர்மாறானது என்பது என் துணிபு. நான் குடும்பத்தைப் பார்த்தது சனிக்கிழமையில்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்தது ஓர் இயந்திரத்தை.

மாடியில் வடக்கு நோக்கிய சிற்றறை அந்தச் சிறுமியுடையது. வெளியே சுழியத்துக்குக் கீழே 25 பாகை. சுவரின் மூலையில் ஈரம் கோத்து, ஒட்டியிருந்த தாள் உரிந்து தொங்கியது. டிசம்பரிலிருந்து பெண் கூடத்துச் சோபாவில்தான் படுத்து வந்தாளாம். காலையில் அவள் தாய் ஓர் ஊதுவத்தியை ஏற்றிச் சன்னல் சட்டத்தின் ஓரமாகவும், மின்செருகிப் பெட்டியின் அருகிலும், சுவரடிப் பலகையை ஒட்டியும் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். நான் திடுக்கிட்டேன். பிறகுதான் விளங்கிற்று. புகை நேரே எழுந்தால் அங்கே கசிவில்லை. வளைந்து ஓடினால் அங்கே குளிர்காற்று நுழைகிறது. கசிவு கண்ட இடத்திலெல்லாம் சிறுமி பென்சிலால் புள்ளி வைத்தாள். பத்து நிமிடத்தில் அந்தச் சுவர் அம்மை வார்த்த முகம்போல் ஆகிவிட்டது.

பிறகு உட்பலகைகளைக் கழற்றினார்கள். முதல் பலகை விலகும்வரை தாயின் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. 1970களின் பிற்பகுதியில் எரிபொருளை மிச்சப்படுத்தவென்று அந்நாட்டு அரசு மானியம் கொடுத்து வீடுகளுக்கு வெப்பக்காப்புச் செய்ய ஊக்குவித்தது. பல வீடுகளில் சுவரைத் துளைத்து, யூரியா ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருளின் நுரையை உள்ளே பீய்ச்சினார்கள். அதிலிருந்து கசியும் வாயு உடலுக்குத் தீங்கானது என்று 1980 டிசம்பரில் அதே அரசு அதைத் தடைசெய்தது. இந்த வீட்டுச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நல்லவேளை, நுரை இல்லை. மரத்தூளும் பழைய செய்தித்தாள்களும்தான் இருந்தன.

அந்தத் தாள்களைக் கண்டதும் வேலை அரைமணி நேரம் நின்றுபோயிற்று. முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழுப்பேறிய தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் படித்தார். போர்க்காலச் செய்திகள், மாட்டுச் சந்தை விலைகள், உழுபடைக் கருவி விளம்பரங்கள். பேரன் அவர் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் கிழவர் தம் பள்ளி நாள்களைச் சொன்னார். குளிர்காலத்தில் சாலைகளில் பனி அள்ளப்படாத காலம் அது. பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய, கப்பல்போல் வட்டச் சன்னல் வைத்த, முன்னே சறுக்குக் கட்டைகளும் பின்னே ரப்பர்ப் பட்டைகளும் பூட்டிய வண்டி ஒன்று பிள்ளைகளை வீடுவீடாக ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோகுமாம். அதே வகை வண்டிதான் மருத்துவரையும் தபாலையும் சுமந்ததாம். பேரன் இதை முதன்முறையாகக் கேட்கிறான் என்பது அவன் கேட்ட கேள்விகளிலிருந்து தெரிந்தது. ஒரே கூரையின் கீழ்ப் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தும், ஒரு சுவரை இடித்த பிறகே பாட்டன் கதை பேரனுக்கு வந்து சேர்ந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரத்தூண்களின் இடைவெளியில் கண்ணாடி நார்ப் பஞ்சைப் பொதிந்தார்கள். அதன்மேல், அறைப்பக்கமாக, பாலித்தீன் விரிப்பை மடிப்பில்லாமல் அறைந்தார்கள். அறைக்குள் இருக்கும் சூடான காற்றிலே ஈரம் உண்டு. அது சுவருக்குள் புகுந்து குளிர்ந்த பக்கத்தைத் தொட்டால் நீராகி மரத்தை உளுக்கச் செய்துவிடும். ஆதலால் விரிப்பு எப்போதும் சூடான பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பையன் எனக்குப் பாடம் நடத்தினான். முதியவர் ரசமட்டம் பிடித்தார். ஜிப்சம் பலகையைத் திருகாணி கொண்டு முடுக்கிப் பட்டி பார்த்தார்கள். பஞ்சைப் பொதிவதற்கு முன்னே சிறுமி ஒரு தூணில் அன்றைய தேதியையும் எல்லாருடைய பெயரையும் எழுதினாள். என் பெயரையும் தனக்குத் தெரிந்த எழுத்துக் கூட்டி எழுதினாள். பாதிப் பெயர்தான் அதில் தேறியது.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுப்பகலில், அந்த மனிதர் முழங்காலிட்டுத் தரையோரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, "ஓர் ஆளை வைத்தால் அரைநாளில் முடித்துவிட மாட்டானா? கேட்டுப் பாருங்கள்" என்று மருமகனிடம் சொன்னேன். "வேண்டாம் மாமா, அதை நான் மொழிபெயர்க்க மாட்டேன்" என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் ஆணி அடிக்கவும் ஆள், குழாயின் துணிவளையத்தை மாற்றவும் ஆள். கையில் மண் படுவதைக் குலக்குறைவாக எண்ணுகிறோம். நாசரேத்துத் தச்சரின் படத்தைச் சட்டமிட்டு மாட்டுகிறோம். அந்தச் சட்டத்தை மாட்ட ஓர் ஆளைக் கூப்பிடுகிறோம். ஆளுக்கு வேலை கொடுப்பது அறம்தான். மறுக்கவில்லை. ஆனால் நம்மில் பலர் ஆள் வைப்பது அறத்துக்காக அன்று என்பது நமக்கே தெரியும்.

இனி ஞாயிறு. அன்று அவர்கள் திருப்பலிக்குப் போகவில்லை. அதைச் சொல்லிக் குற்றஞ்சாட்டுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். அதை நான் செய்யப் போவதில்லை. என் வழக்கு வேறு.

காலை ஒன்பது மணிக்கு இரண்டு பனியூர்திகள் புறப்பட்டன. ஒன்றைத் தந்தை ஓட்டினார், பின்னால் மகள். மற்றொன்றைத் தாய் ஓட்டினார், பின்னால் மகன். முதியவர் வீட்டிலேயே தங்கிவிட்டார். எனக்கும் மருமகனுக்கும் பக்கத்து வீட்டு வண்டி ஒன்றை இரவல் வாங்கித் தந்தார்கள். வெண்பனிக் காட்டின் நடுவே ஊசியிலை மரங்களிடையே விரையும்போது உள்ளம் துள்ளியது என்பதை மறைக்கமாட்டேன். அறுபது வயதைக் கடந்தவன், சிறுவனைப்போல் வாய்விட்டுக் கூவினேன். யாருக்கும் கேட்கவில்லை. அங்கேதான் என் சிந்தனை தொடங்கிற்று. ஒவ்வொருவர் தலையிலும் முகம் மூடிய கவசம். காதில் இயந்திரத்தின் இரைச்சல். முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர வேறொன்றும் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பாதையின் வேக வரம்பு மணிக்கு 70 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பேச்சு எங்கே, கேள்வி எங்கே? வழியில் கணப்பு மூட்டிய குடிலொன்றில் பட்டாணி சூப் குடிக்க நின்ற அரைமணி நேரம்தான் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கும் பேச்செல்லாம் வண்டிகளின் விலையைப் பற்றியும் குதிரைத்திறனைப் பற்றியுமே இருந்தது. பகல் முழுவதும் ஒன்றாக இருந்து அரைமணி நேரம் பேசியதை அவர் குடும்ப வாழ்க்கை என்கிறார். இந்த வண்டிகளின் விளம்பரங்களும் அதையே சொல்கின்றன: சிரிக்கும் தாய், சிரிக்கும் தந்தை, சிரிக்கும் பிள்ளைகள். படம் எடுப்பதற்காகக் கவசத்தைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

இந்த இயந்திரம் இப்படிப் பிறக்கவில்லை. அதனால்தான் எனக்கு ஆற்றாமை.

அந்த வீட்டிலிருந்து சிறிது தொலைவில்தான் வால்கூர் என்னும் சிற்றூர். ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே 1907இல் அங்கே பிறந்தார். மகன் குருவானவராக வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்பட்டு ஷெர்புரூக் குருமடப் பள்ளியில் சேர்த்தார்கள். அவருடைய மனமோ சக்கரங்களைச் சுற்றியது. 1922ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, பதினைந்து வயதில், பழைய ஃபோர்டு எந்திரமொன்றில் விசிறியைப் பூட்டிப் பனிமேல் வண்டி ஓட்டிக் காட்டினார். ஆபத்து என்று கண்ட தந்தை அதைப் பிரித்துப்போடச் சொல்லிவிட்டார். பின்னர் அதே ஊரில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டியில்லை. குழந்தை இறந்துவிட்டது. பற்சக்கரத்தையும் ரப்பர்ப் பட்டையையும் இணைக்கும் அவருடைய அமைப்புக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் ஏறும் வண்டி முதலில் வந்தது. பன்னிரண்டு பேர் ஏறும் வண்டி பின்னர் வந்தது. அந்தக் கிழவரைப் பள்ளிக்குச் சுமந்தது இதுதான். 1948இல் கிராமச் சாலைகளிலும் பனி அள்ள அரசு முடிவெடுத்ததும் பெரிய வண்டிகளுக்குத் தேவை குறைந்தது.

ஸ்கீ-டூ என்ற சிறிய வண்டி 1959இல் வெளிவந்தது. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்குப் பதிலாக, வடக்கே தனித்து வாழும் மறைபரப்பாளருக்கும் வேடருக்கும் உதவவே அதை அவர் கருதினார். தொடக்க வண்டிகளுள் ஒன்று, ஒன்டாரியோவின் வடகோடியில் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு மொரிஸ் உய்மே அவர்களுக்குப் போயிற்று. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அதே சபைதான். 1964இல் பொம்பார்டியே இறந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த வண்டியைச் செய்து குவித்தன. வட அமெரிக்காவில் ஓராண்டிலேயே ஏறத்தாழ ஐந்து இலட்சம் வண்டிகள் விற்றன. இறந்துபோன ஒரு குழந்தைக்காகப் பிறந்த இயந்திரம், போகவேண்டிய இடம் ஒன்றுமில்லாமல் வட்டமடிக்கத் தொடங்கியது.

என்னை மறுப்போர் வடக்கே கைகாட்டுவார்கள். சரிதான். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களுக்குப் பனியூர்தி விளையாட்டுப் பொருள் அன்று. அதில்தான் வேட்டைக்குப் போகிறார்கள், அதில்தான் இறைச்சி வீடு வருகிறது. அதை நான் வணங்குகிறேன். ஆனால் அங்கும் கணக்கு நேராக இல்லை. ஃபின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் ஸ்கோல்ட் சாமி மக்களிடையே அறுபதுகளில் இந்த வண்டி நுழைந்தபோது நேர்ந்ததைப் பெர்ட்டி பெல்டோ என்னும் மானிடவியலாளர் 1973இல் நூலாக எழுதினார். வண்டி வாங்கவும் எரிநெய் ஊற்றவும் பணம் வேண்டியிருந்தது. பணம் உள்ளவர் முந்தினார். இல்லாதவர் மந்தையை இழந்து மேய்ச்சல் தொழிலையே விட்டார். ஏறத்தாழச் சமமாக வாழ்ந்த மக்கள் சில ஆண்டுகளில் உடையவரும் இல்லாதவருமாகப் பிரிந்தார்கள்.

கியூபெக்கிலோ 33,000 கிலோமீட்டருக்கு மேல் பனியூர்திப் பாதைகள் உள்ளன. அவற்றைச் செப்பனிட்டுக் காப்பவர்களில் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. பாதையோரச் சிற்றூர்களின் உணவகங்கள் குளிர்காலத்தில் பிழைத்திருப்பதும் இவர்களால்தான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு பாதையின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1872 ஜனவரியில் மொன்றியலில் விறகுப் பஞ்சம். ஏழைகள் குளிரில் வாடினார்கள். வடக்கே சான் ஜெரோம் ஊரின் பங்குக்குரு அந்துவான் லபெல், தம் மக்களிடம் விறகு திரட்டி, சறுக்கு வண்டிகளை நீண்ட அணியாக ஓட்டிவந்து நகரத்து ஏழைகளுக்குக் கொடுத்தார். இருப்புப்பாதை இருந்தால் இந்த விறகு எப்போதும் வரும் என்று நகரத்தார்க்குக் காட்டுவதும் அவருடைய நோக்கம். சூட்சுமம் தெரிந்த சாமியார்! 1876இல் சான் ஜெரோமுக்கு இரயில் வந்தது. அவர் இறந்த பிறகும் அந்தப் பாதை வடக்கே நீண்டு 1909இல் மோன்-லோரியே ஊரை எட்டியது. பிற்காலத்தில் இரயில் நின்றது, தண்டவாளங்களை எடுத்தார்கள். 1990களில் அது கோடையில் மிதிவண்டிப் பாதையாகவும் குளிர்காலத்தில் பல இடங்களில் பனியூர்திப் பாதையாகவும் ஆயிற்று. பாதையோரத்தில் வாழ்ந்தவர்கள் இரவும் பகலும் இரைச்சலாலும் புகையாலும் தவித்து நீதிமன்றம் ஏறினார்கள். 2004 நவம்பரில் கியூபெக் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நியாயம் கண்டு, இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அடுத்த மாதமே மாநில அரசு, பாதைகளின் இரைச்சல், நாற்றம் முதலியவற்றுக்காக யாரும் வழக்குத் தொடர முடியாதபடி சட்டம் செய்துவிட்டது. அயலானுடைய வீட்டைச் சூடாக்கப் போட்ட பாதையில் அயலானுடைய உறக்கத்தைக் கெடுக்கிறோம். அவன் முறையிடவும் கூடாது என்கிறோம். இதற்குப் பொழுதுபோக்கு என்ற பெயர் போதுமா?

உயிர்ச்சேதமும் உண்டு. 2020 ஜனவரியில் லாக் சான்-ஜான் என்னும் பெரிய ஏரிப் பகுதியில், குறியிட்ட பாதையை விட்டு விலகிச் சென்ற ஒரு குழுவின் கீழே பனிக்கட்டி உடைந்தது. பிரான்சிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் ஐவரும் அவர்களுடைய வழிகாட்டியும் மாண்டார்கள். செய்தி வந்த அன்று நான் என் மகளைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வீட்டார் நலமா என்று கேட்கச் சொன்னேன். நலம் என்றார்கள். புதிய வண்டி வாங்கியிருக்கிறார்களாம். மகனுக்கு ஓட்டும் வயது வந்துவிட்டதாம்.

வண்டியே ஓட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காடு அழகு. அந்த வேகம் இன்பம். ஒரு நாளின் இன்பத்துக்கு இன்பம் என்றே பெயர் வைத்துவிட்டுப் போகலாம். குடும்பம் என்ற பெயரை அதற்குச் சூட்டி விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஏனென்றால் பெயரை அங்கே கொடுத்துவிட்டால், சனிக்கிழமைக்கு ஒரு பெயரும் மிஞ்சுவதில்லை. அது வெறும் வேலையாகி, சலிப்பாகி, விருந்தினனிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டிய ஒன்றாகிவிடுகிறது.

அந்த ஞாயிறு மாலை வண்டிகள் திரும்பியபோது இருட்டியிருந்தது. முதியவர் பகலெல்லாம் அந்தச் செய்தித்தாள்களை ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். பையன் நேரே பாட்டனிடம் போய் உட்கார்ந்தான். சிறுமி மாடிக்கு ஓடி, புதுப்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் தன் அறையிலேயே படுக்கலாமா என்று தாயிடம் கேட்டாள். பட்டி காயட்டும், நாளைக்கு என்றார் தாய். இரவு உணவின்போது பையன் தந்தையிடம், கிழக்குச் சுவரிலும் செய்தித்தாள் இருக்குமா, அடுத்த வாரம் அதைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். தந்தை சிறிது யோசித்தார். பிறகு, பருவம் முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன, பாதை அனுமதிச் சீட்டுக்குப் பணம் கட்டியாயிற்று, சுவரைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.